எந்த மாதம் செய்தீர்கள்? வீட்டில் மரப்பெட்டி செய்தவர்களின் அனுபவங்கள்

கடலோரத்தாள், வெள்ளவத்தை

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்னுடைய சேலைகளை எங்கே பிள்ளை வைக்கிறது?" ஊர் வீட்டில் முதிரை மரப் பெட்டகம் ஒன்று இருந்தது. நான்கு பேர் பிடித்தால்தான் அசையும். நாங்கள் இருப்பதோ தொடர்மாடியின் நான்காம் மாடி. படிக்கட்டு திரும்பும் இடத்தில் கட்டிலின் தலைப்பலகையே இரண்டு முறை முட்டித்தான் உள்ளே வந்தது. பெட்டகம் ஊரிலேயே சித்தப்பா வீட்டில் நின்றுவிட்டது. கடையில் அலுமாரி பார்க்கலாம் என்றேன். "அலுமாரி வேண்டாம், மூடி திறந்து மேலிருந்து எடுக்க வேண்டும்" என்றார். அறுபது வருடப் பழக்கம் அது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டியை நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

நீளம் 36 அங்குலம், அகலம் 16, உயரம் 16. பலகை, முக்கால் அங்குலத் தடிப்பில் சீவிய மலைவேம்பு. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள். கூரைக்குக் கீழ் அடிக்கும் இலேசான மரம். நான்காம் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டியவளுக்குத் தேக்கை நினைத்தாலே கை வலிக்கும். மரக்காலையிலேயே நீளத்துக்கு அறுத்து வாங்கினேன். எட்டடிப் பலகையை 101ஆம் இலக்க பஸ்ஸிலும் ஏற்ற முடியாது, ஓட்டோவிலும் வைக்க முடியாது. திருகாணியும் பிணைச்சலும் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். அந்தத் தெருவில் ஒரு மணிநேரம் நடந்தால் வீடு கட்டுவதற்கு என்னென்ன தேவை என்பது முழுவதும் விளங்கிவிடும்.

முதற்பிழை பக்கப் பலகையில் நடந்தது. முன்னும் பின்னும் 36 அங்குலப் பலகை. அவற்றுக்கு இடையில் பக்கங்கள் நிற்கின்றன. பெட்டி 16 அங்குலம் என்றால் பக்கப் பலகை 16 அல்ல. இரு பலகைகளின் தடிப்பும் சேர்ந்து ஒன்றரை அங்குலம். அதைக் கழித்து பதினான்கரை. நான் கழிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைவாளால் மறுபடி அறுத்தேன். முனையில் துளையிடாமல் இறக்கிய முதல் திருகாணி பலகையைப் பிளந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துளை போட்ட பின்தான் இறக்கினேன். மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தேன்: இரண்டு கோணல் அளவும் 39 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டி, ஒரே இடத்தில் நின்றன. மூலைமட்டத்தைவிட அந்த அளவைத்தான் நான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றானால் பெட்டியின் மூலைகள் செங்கோணம்.

மூடியில் என் திறமையெல்லாம் இருந்தது. மூன்று பலகைகளைச் சேர்த்து ஒட்டி, பெட்டியின் சுவர்களுக்கு உள்ளேயே இறங்கி அமரும்படி சீவினேன். ஒரு தபாலட்டைகூட நுழையாத அளவுக்கு இறுக்கமாகப் பொருந்தியது. அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சேலைகளை அடுக்கினார், இடையிடையே காய்ந்த வேப்பிலை போட்டார். அது பெப்ரவரி மாதம்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. பெட்டி திறக்கவில்லை. கைப்பிடி கழன்று கையோடு வந்தது, மூடி அசையவில்லை. கோயில் திருவிழாவுக்கு உடுக்க வேண்டிய சேலை உள்ளே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே வாரம் இரண்டாம் மாடியில் ஒரு கதவு இறுகிவிட்டதென்று மொரட்டுவையிலிருந்து ஒரு தச்சு பாஸ் வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். வேலை முடிந்து படியிறங்கியவரை நான்காம் மாடிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். வந்தார். பெட்டியைத் தட்டவில்லை, இழுக்கவில்லை. குனிந்து மூடியின் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "துவ, இதை எந்த மாதம் செய்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். மகளே என்று அழைத்துக் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். பலகை எங்கே வாங்கினாய், என்ன பசை, என்ன திருகாணி என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மாதத்தை யாரும் கேட்டதில்லை.

அவர் சொன்னது இதுதான். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் மூச்சு விடும். மழைக்காலக் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், வறண்ட மாதத்தில் சுருங்கும். என் மூடி பதினான்கரை அங்குல அகலம். விரிந்தது அரைக்கால் அங்குலம் அளவுக்கு. வறண்ட பெப்ரவரியில் இடைவெளி விடாமல் சீவியவள் மே மாதத்துக்கு எங்கே இடம் வைத்தாள்? பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும் வார்னிஷ் பூசினாயா என்றும் கேட்டார். வெளியே மட்டும் பூசியிருந்தேன். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்திருந்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளையும் என்றார்.

பெட்டியைச் சரித்து, அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்து மூடியைத் தள்ளி எடுத்தோம். சேலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய மூடியை அவர் சொன்னபடி சுவர்களின் மேல் அமரும்படி செய்தேன், சுற்றிலும் அரை அங்குலம் வெளியே நீட்டி. அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள். சட்டத்தின் நடுத்திருகாணிக்கு வட்டத் துளை, ஓரத்துத் திருகாணிகளுக்கு நீள்துளை. மூடி விரியும்போது ஓரத் திருகாணி அந்த நீள்துளைக்குள் நகர்ந்துகொள்ளும். சட்டங்களை மூடியோடு ஒட்டவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். கூலி வாங்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தார். போகும்போது பெட்டியைக் காட்டி "பெட்டகம" என்றார். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சொல் மட்டும் விளங்கியது. அது நம்முடைய பெட்டகம்தான், அங்கே போய் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

வீட்டில் பெட்டி செய்த மற்றவர்களும் எழுதுங்கள். எங்கே பிழைத்தது, யார் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

துறைமுகத்தான், கொட்டாஞ்சேனை

அக்கா, நான் பலகைக்குக் காசே கொடுக்கவில்லை. துறைமுகத்தை அண்டிய களஞ்சியங்களிலிருந்து கழித்துவிடும், சரக்கு அடுக்கும் பேலட் மரத்தட்டுகளைப் பிரித்துச் செய்தேன். தம்பியின் கருவிகளை வைக்க, இரண்டடிப் பெட்டி.

பேலட் எடுப்பவர்கள் முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும். கோதுமைக் கதிர்ச் சின்னம், அருகே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், பிறகு 'எச்.டி.' (HT) அல்லது 'எம்.பி.' (MB) என்று இருக்கும். முதலாவது வெப்பத்தில் பதப்படுத்தியது: மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டாவது மெதில் புரோமைட் புகையூட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லாததையும் நான் தொடுவதில்லை.

எனக்கு வாய்த்த ஆசிரியர் அங்கே பாரம் தூக்கும் ஓர் ஐயா. நான் சுத்தியலால் தட்டித் தட்டிப் பலகைகளைப் பிளந்துகொண்டிருந்தேன். அந்த ஆணிகளில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும், இழுத்தால் வராது. அவர் இரும்பறுக்கும் வாளின் தகட்டை மட்டும் கையில் வாங்கி, பலகைக்கும் கட்டைக்கும் இடையில் விட்டு ஆணியை அறுத்துக் காட்டினார். தலை பலகையிலேயே இருந்துவிடும், பலகை முழுதாக வரும். அன்று மாலைக்குள் பதினெட்டுப் பலகைகள் சேர்ந்தன.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

பிள்ளை, உங்கள் பாஸ் சொன்னது அத்தனையும் சரி. நான் நாற்பது வருடமாக ஓய்வுநேரத்தில் மரவேலை செய்கிறேன். இரண்டு விடயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு இவ்வளவு அருகில் இரும்புத் திருகாணி வேண்டாம். உப்புக்காற்றில் துருவேறி, மலைவேம்பு போன்ற வெளிர்நிற மரத்தில் கறை இறங்கும். பித்தளை போடுங்கள். ஆனால் பித்தளை மென்மையானது, முறுக்கினால் தலை முறியும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் இறக்கி வழி செய்துவிட்டு, அதைக் கழற்றிப் பித்தளையைப் போட வேண்டும். மூலைகளில் உங்கள் திருகாணிகள் பக்கப் பலகையின் முனைக்குள்தான் போகின்றன. முனைப்பக்கம் திருகாணியை வெகுநாள் பிடித்து வைக்காது. உள்மூலையில் முக்கால் அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை நிறுத்துங்கள். அதையும் ஒட்ட வேண்டாம், திருகாணி மட்டும். கட்டை நிற்கிறது, பலகை படுத்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு திசையில் மூச்சு விடும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். என் பட்டறை மூலையில் ஒருநாள் புகை வந்தது. கண்முன்னே பார்த்ததைச் சொல்கிறேன். விரித்து, வெளியே கொடியில் காயப்போடுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய், பம்பலப்பிட்டி

விளையாட்டுப் பொருள் பெட்டி செய்தோம். சின்னவன் ஒளிந்து விளையாட அதற்குள் ஏறி மூடிக்கொண்டான். சத்தம் கேட்டு உடனே திறந்துவிட்டேன், ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை. அடுத்த நாளே இரண்டு பக்கங்களிலும் விரல் தடிப்பில் துளைகள் போட்டோம். கொண்டியைக் கழற்றி எறிந்தோம். மூடி படாரென்று விழாமல் தாங்கிப் பிடிக்கும் தண்டு ஒன்றையும் பூட்டினோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் இல்லாமல் மூடி போட்ட பெட்டி இருக்கவே கூடாது.

ஆற்றங்கரையான், கொலன்னாவை

2016 மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் பகுதிக்குள் வந்தபோது எங்களிடம் இருந்த நேரம் மிகக் கொஞ்சம். காகிதங்கள் எல்லாம் அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த கடை மேசையின் இழுப்பறையில் இருந்தன. நீர் வடிந்து திரும்பி வந்தபோது அந்தப் பலகை ஊறிய பாணைப் போல உப்பிப் பிரிந்து கிடந்தது. அப்பாவின் காணி உறுதி, எங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள், அக்காவின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டன. பிரதிகள் எடுக்க அலைந்த அலைச்சல் ஒரு தனிக்கதை. அப்பா அந்தக் கட்டியை வெயிலில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரிக்க முயன்றுகொண்டிருந்த காட்சி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் பெட்டி செய்தேன். முதலில் நினைத்தது உங்களுடையதைப் போலப் பெரிய பெட்டிதான். பக்கத்து வீட்டு மாமா சிமெந்துக் கடையில் வேலை பார்ப்பவர். வரைபடத்தைப் பார்த்ததும், "தம்பி, இதைத் தண்ணீரில் நின்றுகொண்டு யார் தூக்குவது?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. அந்தக் கணக்கில் 36 அங்குலப் பெட்டி முழுக்கக் காகிதம் வைத்தால் ஏறக்குறைய 100 கிலோ வரும். இருவரால் மேல்மாடிக்கு ஏற்ற முடியாது. உள்ளளவு 20, 12, 10 அங்குலமாகக் குறைத்தோம். நிரம்பினாலும் முப்பது கிலோவைச் சுற்றித்தான். நானும் அக்காவும் தூக்கி ஓடலாம்.

இரும்புக் கைப்பிடி போடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள், அவற்றில் தும்புக் கயிறு, உள்ளே முடிச்சு. கை அறுக்காமல் இருக்கப் பிடிக்குமிடத்தில் பழைய சாரத் துணி சுற்றினோம். பெட்டி தண்ணீரைத் தடுக்காது, அதனால் உள்ளே ஒவ்வொரு கோப்பும் கட்டிய பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில், புத்தாண்டுக்குப் பிறகு, அப்பா எங்களிருவரையும் கூப்பிட்டு அதைத் தூக்கி மேலே கொண்டுபோகச் சொல்லுவார். கயிறு தேய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுவோம்.

கடலோரத்தாள், வெள்ளவத்தை

தம்பி, உங்கள் அப்பா தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்ததை வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். புதிய மூடி இந்த மழையில் மூன்று வாரமாக எந்தத் தடையும் இல்லாமல் திறக்கிறது. சேலைகளின் அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அதில் ஊர் வீட்டு உறுதி இருந்தது. இதையும் அங்கேதான் வைத்திருக்கிறார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அறுத்து மிஞ்சிய மலைவேம்புத் துண்டுகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. உங்கள் அளவை அவற்றின் மேல் குறித்துவிட்டேன், இந்த முறை தடிப்பைக் கழித்து. நாளை கயிறு வாங்கப் போகிறேன். துளையை எத்தனை அங்குலம் தள்ளிப் போட்டீர்கள், முடிச்சு எது என்று எழுதுங்கள்.