தினமும் 10 நிமிட வாக்கியப் பயிற்சி: வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?

கரும்பலகை:
ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். முதல் 10 நிமிடம் தினமும் வாக்கியப் பயிற்சிதான். ‘ஷி லைக்ஸ் மியூசிக்’ என்று ஒன்றைக் கொடுப்பேன். அதை எதிர்மறையாக்க வேண்டும், கேள்வியாக்க வேண்டும், ‘ஷி’யை ‘தே’ ஆக்கி எழுத வேண்டும். கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், “இது வெறும் கைவேலை, விட்டுவிட்டுக் கதை படிக்கக் கொடுங்கள்” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு சொல் வாக்கியமே நிற்காத பிள்ளை கதைக்குள் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கும்?

நிலாமுற்றம்:
அந்த ஆசிரியை சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நானும் பல வருடம் இதையே செய்தேன். ஒரு நாள் ஒரு பையன் நோட்டை நீட்டினான். 20 வாக்கியம், இருபதும் சரி. ‘டஸ் நாட்’ ஒன்றுகூடத் தப்பவில்லை. சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டிருக்கும்போதே என்னிடம் சொன்னான்: “மிஸ், மை பிரதர் டோன்ட் கம் டுடே.” நோட்டில் இருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிராஷன் 1980களில் சொன்னதும் இதுதான்: யோசித்துக் கற்ற விதி, எழுதியதைத் திருத்தத்தான் உதவும், பேச்சு வருவது புரியும்படி கேட்டும் படித்தும்தான்.

மாலைவகுப்பு:
நிலாமுற்றம் அக்கா, அந்தப் பையனை வைத்துப் பயிற்சிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். படர்க்கை ஒருமையில் வரும் அந்த ‘எஸ்’ ஆங்கிலத்திலேயே தாமதமாக வருகிற உருபு. உளவியலாளர் ரோஜர் பிரவுன் ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்து 1973இல் எழுதினார். ‘ஐஎன்ஜி’யும் பன்மை ‘எஸ்’ஸும் முதலில் வந்துவிட்டன; வினைச்சொல்லில் ஒட்டும் ‘எஸ்’ வெகு பின்னால்தான் வந்தது. தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கே அப்படி என்றால் நம் பிள்ளையிடம் அடுத்த மாதமே எதிர்பார்க்கலாமா? அவன் எழுவாயை முதலில் வைத்தான், ‘டோன்ட்’டைச் சரியான இடத்தில் வைத்தான். அதைப் பாருங்கள்.

கிராஷனுக்கு எதிர்ப் பக்கமும் உண்டு. கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். பல வருடம் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழை விட்டார்கள். வெறுமனே கேட்டால் போதாது, வாக்கியத்தைத் தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்று 1985இல் எழுதினார்.

கரும்பலகை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்படியானால் பயிற்சி இருக்கட்டும்?

நிலாமுற்றம்:
கட்டிப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ‘ஷி லைக்ஸ் மியூசிக்’கில் அந்த ‘ஷி’ யார்? யாருமில்லை. யாருமில்லாத ஒருத்தியைப் பற்றி 20 வாக்கியம் எழுதுகிற பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவளிடம் ‘டூ யூ லைக் மியூசிக்?’ என்று கேட்கட்டும், வரும் பதிலை வகுப்புக்குச் சொல்லட்டும். கேள்வி, எதிர்மறை, ‘எஸ்’ மூன்றும் அதிலேயே வந்துவிடும். நான் எதிர்ப்பது பொருள் இல்லாத வாக்கியத்தைத்தான்.

ஓரக்குறிப்பு:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பிள்ளை வெறும் மண்ணில் நிற்கவில்லை, தமிழில் நிற்கிறது. ‘வந்தாள்’ நமக்கு முழு வாக்கியம். யார், எப்போது என்பதெல்லாம் வினைமுற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ‘கேம் எஸ்டர்டே’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியத்தில் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் ‘இட்’டையாவது உட்கார வைப்பார்கள்: ‘இட் இஸ் ரெயினிங்.’ ‘அவள் டாக்டர்’ என்பதில் நமக்கு வினைச்சொல் தேவையில்லை, ஆகவே ‘ஷி டாக்டர்’. அதைத் திருத்த வாரக்கணக்கில் ‘இஸ், ஆம், ஆர்’ மட்டுமே நடத்துகிறோம். அப்புறம் ‘ஐ ஆம் கோ’ என்று வந்து நிற்கும். இந்தப் பிழையில் பாதி நாம் கொடுத்தது. பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் அதன் வரிசையைப் பார்க்க வேண்டும். ‘ஐ ஆம் டயர்ட்’, ‘ஐ கோ’ இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துங்கள்.

மாலைவகுப்பு:
ஓரக்குறிப்பு சொன்ன வரிசை எனக்கு உறைக்கிறது. நானும் ‘இஸ்’ஸில் ஒரு மாதம் உட்கார்ந்தவன்.

கேள்வி வாக்கியத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ‘ஷி’, ‘லைக்’, ‘மியூசிக்’ என்று மூன்று பிள்ளைகள் அட்டையோடு வரிசையாக நிற்பார்கள். ‘லைக்’ இன்னொரு கையில் ‘எஸ்’ அட்டையும் வைத்திருக்கும். நான்காவது பிள்ளை ‘டூ’ அட்டையோடு வந்து, ‘லைக்’கின் கையிலிருந்து அந்த ‘எஸ்’ஸை வாங்கிக்கொண்டு ‘டஸ்’ ஆகி முன்னால் போய் நிற்கும். ‘எஸ்’ ஒன்றுதான், ஒருவர் கையில்தான் இருக்க முடியும். ‘டஸ் ஷி லைக்ஸ்’ என்று யாராவது சொன்னால் மற்ற பிள்ளைகளே “எஸ்ஸைக் கொடு” என்று கத்திவிடுவார்கள்.

நிலாமுற்றம்:
இது நன்றாக இருக்கிறது, தம்பி. இதில் ‘ஷி’ அட்டையை வகுப்பிலேயே இருக்கும் ஒருத்தியிடம் கொடுத்து, அவளுக்கு உண்மையில் பிடித்ததைச் சொல்ல வைத்தால் என் குறையும் தீர்ந்தது.

கரும்பலகை:
சரி, 10 நிமிடத்தை விடப் போவதில்லை. நாளை நோட்டுக்குப் பதில் அட்டையோடு போகிறேன். அந்த ஆசிரியையையும் வந்து பார்க்கக் கூப்பிடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பிழையைத் திருத்துவீர்களா, முடிக்கட்டும் என்று காத்திருப்பீர்களா?

நிலாமுற்றம்:
முடிக்க விடுங்கள். “ஓ, யுவர் பிரதர் இஸ்ன்ட் கமிங் டுடே?” என்று சரியான வாக்கியத்தை நீங்கள் பதிலாகச் சொல்லுங்கள். அன்று நான் அந்தப் பையனிடம் அதைச் செய்யவில்லை. “டோன்ட் இல்லை, டஸன்ட்” என்றேன். ‘டஸன்ட்’டும் அங்கே பொருந்தாது என்று பிறகுதான் எனக்கே உறைத்தது. அவனோ பேசுவதையே நிறுத்திவிட்டான்.