ஈமேக்ஸ்: ரீட்-ஸ்ட்ரிங்கின் ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்களை டாக்ஸ்ட்ரிங்கில் எப்படி விளக்குவது?

கேள்வி
ஈமேக்ஸ் எடிட்டரில் பயனரிடம் ஒரு வரி உள்ளீடு வாங்கும் ரீட்-ஸ்ட்ரிங்கை உள்ளே அழைக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். ப்ராம்ப்ட் கட்டாயம், இனிஷியல், ஹிஸ்டரி, டீஃபால்ட் மூன்றும் ஆப்ஷனல். டாக்ஸ்ட்ரிங்கில் (ஃபங்ஷனோடு எழுதும் விளக்கத்தில்) "மற்ற மூன்றும் விருப்பத்துக்குரியவை" என்று மட்டும் போட்டேன். இனிஷியலுக்கும் டீஃபால்ட்டுக்கும் என்ன வேறுபாடு என்று பயன்படுத்துபவர்கள் கேட்கிறார்கள். டாக்ஸ்ட்ரிங்கைச் சோதிக்கும் செக்டாக்கும் எச்சரிக்கை தருகிறது.

பதில் 1
ஆப்ஷனல் என்பது ஹெல்ப் பக்கத்தில் ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். தராமல் விட்டால் என்ன நடக்கும், அதை எழுதுங்கள்.

இனிஷியல் மினிபஃபரில் (திரையின் அடியிலுள்ள உள்ளீட்டு வரியில்) முன்கூட்டியே நிற்கும் எழுத்து. வேண்டாமென்றால் பயனர்தான் அழிக்க வேண்டும். டீஃபால்ட் அங்கே தெரியாது. காலியாக என்டர் தட்டினால் திரும்பி வரும், மெட்டா-என் அழுத்தினால் கண்ணுக்கு வரும். இப்படி எழுதலாம்:

"டீஃபால்ட் என்பது பயனர் எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் திரும்பும் மதிப்பு. அது 'நில்' என்றால் காலி ஸ்ட்ரிங் திரும்பும்."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 'நில்' (பொய் என்று பொருள்படும் வெற்று மதிப்பு) திரும்பும் என்று நம்பி இஃப் போட்டுச் சோதிப்பவர்கள் அதிகம். காலி ஸ்ட்ரிங் ஈமேக்ஸின் மொழியான லிஸ்ப்பில் உண்மைதான் என்பதால் அந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும்.

பதில் 2
ஹிஸ்டரிக்கு இன்னும் கவனம் வேண்டும். அது பழைய உள்ளீடுகளைச் சேர்த்துவைக்கும் வேரியபிளின் பெயர், மதிப்பு அல்ல. முன்னால் கோட் குறி (') போடாமல் அழைத்தால் உள்ளே போவது அதன் மதிப்பான 'நில்'. உடனே எல்லா உள்ளீடும் பொதுவான மினிபஃபர்-ஹிஸ்டரியில் சேரும். உங்கள் வேரியபிள் காலியாகவே இருப்பதால் அடுத்த முறையும் அதே கதை. எர்ரர் எதுவும் வராது. எனவே "ஹிஸ்டரி ஒரு சிம்பல்" என்று டாக்ஸ்ட்ரிங்கிலேயே சொல்லிவிடுங்கள். எங்கும் பதிவாக வேண்டாம் என்றால் 'டி' (t) தர வேண்டும்.

செக்டாக் கேட்பது: ஒவ்வொரு ஆர்க்யுமென்ட் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வர வேண்டும், முதல் வரி முழு வாக்கியமாக முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும். அடுத்த வரிகளை உள்தள்ளாதீர்கள். அந்த இடைவெளி ஹெல்ப்பில் அப்படியே தெரியும்.

பதில் 3
ஒரு சேர்க்கை. ஏற்கெனவே உள்ள பெயரைத் திருத்தும் இடம் தவிர வேறெங்கும் பெரும்பாலும் இனிஷியல் தேவைப்படாது. டீஃபால்ட்டை ப்ராம்ப்ட்டிலேயே காட்டிவிடுங்கள். ஈமேக்ஸ் 28 முதல் அதற்கு ஃபார்மட்-ப்ராம்ப்ட் உண்டு. கடைசி முக்காற்புள்ளியை அதுவே சேர்க்கும், நீங்களும் போட்டால் இரண்டாகிவிடும்.