தானாக அணையும் எஞ்சின்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கடலூர்க்காரன்:

இரண்டு மாதமாகியும் மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். என்னுடையது மேனுவல் வண்டி; நிற்கும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினைத் தானாக அணைத்து, கிளட்சை மிதித்ததும் மறுபடி கிளப்பும் வசதி அதில் உண்டு. நியூட்ரலுக்கு மாற்றிக் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வழக்கம்போல எஞ்சின் அணைந்தது. பலாச்சுளை விற்ற அம்மாவிடம் நீட்டிய நூறு ரூபாய்த் தாள் கைநழுவிக் கீழே விழ, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து அதை எடுத்து நிமிர்வதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பெல்ட்டைக்கூடப் போடாமல் கிளட்சை மிதித்தேன், எஞ்சின் கிளம்பவில்லை. மறுபடியும் மிதித்தேன். டேஷ்போர்டில் ஏதோ வாசகம் மின்னியது, அதைப் படிக்கும் நிதானம் எனக்கில்லை. பின்னால் ஒரு தனியார் பேருந்து விடாமல் ஹாரன் அடிக்க, எதிர்ப்பக்கத்து வண்டிகள் தண்டவாளத்தைத் தாண்டி என்னை உரசுவதுபோல் போய்க்கொண்டிருக்க, மடியில் பலாச்சுளைப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்த எனக்குச் சாவியைத் திருக வேண்டும் என்று தோன்றவே அரை நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து வண்டியை எடுத்தவுடன் ‘ஏ’ எழுத்துப் பொத்தானை அழுத்தி அந்த வசதியை அணைத்துவிடுகிறேன். ஆனால் டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் பழைய குருடி கதவைத் திறடி என்று அது திரும்ப வந்துவிடுகிறது. ஒரு முறை வேண்டாம் என்றால் அதற்கு ஏன் நினைவிருப்பதில்லை?

கிரிவலவாசி:

கேட்டில் நடந்ததற்கு வண்டியைக் குறை கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெல்ட்டும் கழன்று கதவும் திறந்தால் ஓட்டுநர் இறங்கிவிட்டார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத வண்டி தானாகக் கிளம்பலாமா?

என்னுடைய கதை நேர்மாறானது. எனக்கும் இந்த வசதி பிடிக்காது. ஒரு மழைக்காலத்தில் அது தானாகவே வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. தொல்லை விட்டது என்று மகிழ்ந்து நான்கு மாதம் ஓட்டினேன். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்து, பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்த வலியோடு அதிகாலை மூன்று மணிக்கு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினால், ‘டக் டக்’ என்ற ஒலி மட்டுமே வந்தது. பேட்டரியில் மின்சாரம் குறைந்திருந்தால் எஞ்சினை அணைக்காமல் விட்டுவிடுவதுதான் அதன் இயல்பு என்றும், நான்கு மாதமாக அது எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றும் பிறகு மெக்கானிக் விளக்கினார். இதற்கென்று வரும் இஎஃப்பி வகை பேட்டரியின் விலையைக் கேட்டு மலைத்து, அப்போதைக்குச் சாதாரண பேட்டரியையே போட்டுக்கொண்டேன். அது பதினான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஸ்பேனர் பிடித்தவன்:

என் அனுபவம் சிறியது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் சென்சாரின் இணைப்பைப் பிடுங்கினால் போதும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பிடுங்கினேன். எஞ்சின் அணைவது நின்றது, எச்சரிக்கை விளக்கு அணையாமல் நின்றுவிட்டது. அந்தச் சென்சாரைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை வண்டி முடிவு செய்கிறது என்பதால், யாரும் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

பொத்தானுக்கு ஏன் நினைவில்லை என்று கேட்டிருந்தார்கள். மைலேஜையும் புகையையும் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது, வண்டி கிளப்பியதும் இயல்பாக எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் அளக்கிறார்கள். நம் நாட்டுச் சோதனைச் சுழற்சியிலும் வண்டி நின்றுகொண்டிருக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தில் எஞ்சின் அணைந்திருந்தால் நிறுவனத்தின் கணக்கு அழகாக வரும். நீங்கள் அணைத்ததை வண்டி நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நிற்காது. ஆகவே இது மறதியன்று, வேண்டுமென்றே செய்தது.

நிரந்தரமாக நிறுத்த வேண்டுமென்றால், பொத்தானுக்கும் அதன் வயருக்கும் நடுவே செருகும் சிறு மாட்யூல் கிடைக்கிறது; கடைசியாக எந்த நிலையில் விட்டீர்களோ அதையே அடுத்த முறையும் கொண்டுவரும். வயரை வெட்ட வேண்டியதில்லை, சர்வீஸுக்கு விடும்முன் கழற்றியும் வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்குகள் கருவியை மாட்டி வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி இணைப்பின் வழியாகக் கோடிங் செய்வது இன்னொரு வழி: பேட்டரியில் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று சில ஐரோப்பிய வண்டிகளில் 7.6 வோல்ட் என்றிருக்கும் வரம்பை 12 வோல்ட்டுக்கு மேல் உயர்த்திவிடுகிறார்கள். பேட்டரியில் போதிய மின்சாரம் இல்லை என்று நம்பி வண்டி எஞ்சினை அணைப்பதேயில்லை. அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் அது பழைய நிலைக்குத் திரும்பினால் வியப்படையாதீர்கள். வாரண்டி முடியாதவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். கிரிவலம் சென்ற நண்பருக்கு ஒன்று சொல்வேன்: இந்த வசதியை அணைத்தே வைத்திருந்தாலும் இஎஃப்பியையே போடுங்கள், பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தரமணிப் பயணி:

மாட்யூல், வோல்ட் எல்லாம் எனக்கு எட்டாது, நான் கேட்கவும் இல்லை. என்னுடையது ஆட்டோமேட்டிக். ஓஎம்ஆரில் ஒரு யூ-டர்னில் பிரேக்கை மிதித்தபடி இடைவெளிக்காகக் காத்திருந்தேன். சித்திரை வெயில், எஞ்சின் அணைந்ததும் ஏசியிலிருந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. இடைவெளி கிடைத்ததும் காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உதறி எழுந்து வண்டி நகர்வதற்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் நான் கணக்கிட்ட இடைவெளி அந்த விநாடியைச் சேர்க்காத இடைவெளி. தண்ணீர் லாரி ஒன்று பிரேக் அடித்து, அதன் தொட்டியிலிருந்து நீர் அலம்பி என் கண்ணாடி முழுவதும் கொட்டியது. லாரிக்காரர் திட்டக்கூட இல்லை, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் எஞ்சின் சும்மா ஓடினால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரியும் என்கிறார்கள். அண்ணா சாலையில் நீண்ட சிக்னலில் நிற்கும்போது அது மிச்சமாவதை நான் மறுக்கவில்லை; நானும் அங்கே இந்த வசதியை அணைக்காமல் விட்டுவிடுவதுண்டு. யூ-டர்னில் மட்டும் வேண்டாம் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லையே. பிரேக்கை லேசாக மிதித்தால் அணையாது என்றார்கள், முயன்றேன். கால் நடுங்கும் நாளில் அது நடக்கிற காரியமில்லை.

நான் மறந்துவிடுகிறேன் என்று என் மகள் அந்தப் பொத்தானின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். பெல்ட், பொட்டு, கியர். இப்போது அந்த வரிசையில்தான் வண்டியை எடுக்கிறேன்.