டெர்மன் தவறவிட்ட இருவரும் ஐக்யூ மதிப்பெண்ணும்

மணிமொழியன்:
ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன், மிகுந்த அறிவாற்றல் உடைய குழந்தைகளை 1921 முதல் கலிஃபோர்னியாவில் தேடி, ஐக்யூ (நுண்ணறிவு ஈவு) மதிப்பெண்ணை வைத்துச் சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்துப் பல பதிற்றாண்டுகள் பின்தொடர்ந்தார். போதிய மதிப்பெண் இல்லையென்று அவர் விட்டுவிட்ட சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் அடங்குவர். முன்னவருக்கு 1956இலும் பின்னவருக்கு 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தேர்வானவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இந்த எண்ணை அறிவின் அளவு என்று எப்படி நம்புவது?

கணக்காயர்:
நோபல் பரிசு பல லட்சம் பேரில் ஒருவருக்கே வாய்க்கிறது. தேர்வானவர்கள் சிறு குழு, விடுபட்டவர்கள் பெருங்கூட்டம் என்னும்போது இரண்டு பெயர்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தள்ளிவிட முடியாது.

முழு மக்கள்தொகையைப் பார்ப்போம். 1921இல் பிறந்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பயின்ற ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும், அதாவது 87,498 பேர், 1932 ஜூன் 1 அன்று ஒரே அறிவுத்திறன் தேர்வை எழுதினர். அவர்களுள் அபர்தீன் பகுதியில் வாழ்ந்த ஒரு சிறு குழுவினரை, உளவியலாளர் ஐயன் டியரியும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் அதே தாளை மறுபடி எழுதச் செய்தபோது, 66 ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதும் ஒத்துப்போனால் 1) 0.63 என வந்தது. பதினொரு வயதில் எழுதிய தாள் எதையும் அளக்கவில்லையென்றால் இது நிகழ வழியில்லை.

மணிமொழியன்:
எதையோ அளக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது அறிவுதானா என்பதே என் கேள்வி. வகுப்பில் உயரமாக நின்ற பையன் முதுமையிலும் உயரமாகத்தான் இருப்பான், அதனால் உயரம் அறிவாகிவிடாது. ஐக்யூ ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் தொகுத்த நெதர்லாந்து இராணுவத் தரவுகளின்படி, 1952க்கும் 1982க்கும் இடையில் பதினெட்டு வயது இளைஞர்களின் சராசரி சுமார் 20 புள்ளிகள் உயர்ந்தது. சராசரியை 100 என வைக்கும் 1982இன் அளவுகோலை 1952இன் இளைஞர்களுக்குப் பொருத்தினால், அவர்களில் பாதிப்பேர் 80க்குக் கீழே விழுவார்கள். 1953 வெள்ளத்திற்குப் பிறகு கடலை மறித்துத் தடுப்பணைகள் கட்டிய தலைமுறை அது. அவர்களையா அறிவு குறைந்தவர்கள் என்பது?

கணக்காயர்:
ஃபிளினே அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக் கல்வியும் தொழில்களின் மாற்றமும், பொருள்களை அருவமாக வகைப்படுத்தும் பழக்கத்தை மக்களிடம் பரப்பின என்பதே அவர் தந்த விளக்கம். ஆகவே தலைமுறைகளை ஒப்பிட இந்த எண் உதவாது. ஒரே காலத்தில், ஒரே கல்விச் சூழலில் வளர்ந்தவர்களை ஒப்பிட உதவும், அதுவும் கணிசமான அளவுக்கு.

யாழினி:
இருவரும் சராசரிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தனி மனிதர் ஒருவர்மீது அந்த எண் விழும்போதுதான் சிக்கல் எழுகிறது. அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்த பின்பும், ஐக்யூ 70க்கு மேல் இருப்பவர் அந்தப் பாதுகாப்பைக் கோரவே முடியாது என்று ஃபுளோரிடா மாநிலம் கோடு போட்டிருந்தது. ஃபிரெடி லீ ஹால் என்ற கைதியின் மதிப்பெண்களில் ஒன்று 71. இத்தகைய சோதனைகளில் ஐந்து புள்ளிகள் அங்குமிங்கும் நகர்வது இயல்பு. அந்த ஒரு புள்ளிக்காக அவருடைய மற்றச் சான்றுகளைப் பார்க்க மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2014இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. நான்கு நீதிபதிகள் அந்தக் கோட்டில் தவறு காணவில்லை என்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

கணக்காயர்:
அந்தத் தீர்ப்பு சோதனையை ஒதுக்கவில்லை, பிழை வரம்போடு சேர்த்துப் படிக்கச் சொன்னது. 1905இல் பாரிஸில் இவ்வகைச் சோதனையைத் தொடங்கிய உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினேயின் நோக்கமும், எந்தக் குழந்தைக்குக் கூடுதல் துணை தேவை என்று கண்டறிவதுதான்.

மணிமொழியன்:
அந்த நோக்கம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோதே கழன்றுவிட்டது. டெர்மனின் தேர்வில் விடுபட்ட அதே ஷாக்லி, பிற்காலத்தில் ஐக்யூ 100க்குக் குறைந்தவர்கள் கருத்தடை செய்துகொண்டால் பணம் தரலாம் என்று பிரசாரம் செய்தார்! பிழை வரம்போடுதான் படிக்க வேண்டுமென்றால், ஒற்றை எண்ணை விட்டுவிட்டு அந்த வரம்பை மட்டும் அறிக்கையில் தரலாமே?

கணக்காயர்:
இன்று பரவலாகப் பயன்படும் ஐக்யூ சோதனையான வெக்ஸ்லர் சோதனையின் அறிக்கைகளில் எண்ணுக்குப் பக்கத்திலேயே வரம்பும் தரப்படுகிறது. பெற்றோரும் பள்ளிகளும் அதைப் படிப்பதில்லை.

யாழினி:
அப்படியானால் மணிமொழியன் கேட்டபடி எண்ணை நீக்கிவிட்டு வரம்பை மட்டும் தருவதில் உங்களுக்கு என்ன தடை?