பட்டனுக்குப் பாட்டு, ரோட்டுக்குப் பேச்சு

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா:

என் மகள் ஒன்றாம் வகுப்பு. காலையில் வேன் வருவதற்குள் யூனிஃபார்ம் சட்டையைத் தானே போட வேண்டும் என்று அடம் பிடிப்பாள். பட்டனோ ஏறுக்குமாறாக விழும். கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கச் சொன்னவர் என் மாமியார்தான். மேல் பட்டன் குழந்தையின் கண்ணுக்கே தெரியாதே! கூடவே ஒரு பாட்டும் கட்டிக் கொடுத்தார்:

கீழ்ப் பட்டனே கையில வா,
காஜாக்குள்ள தலைய விடு,
அந்தப் பக்கம் பிடிச்சு இழு,
அடுத்த பட்டன் மேல போ!

ஓர் அடிக்கு ஒரு வேலை, அதுதான் சூட்சுமம். கை நின்றால் பாட்டும் அங்கேயே நிற்கும். "அந்தப் பக்கம்ம்ம்..." என்று இழுத்துக்கொண்டே துணிக்குப் பின்னால் துழாவுவாள். பட்டன் நகத்தில் தட்டுப்பட்டதும்தான் "பிடிச்சு இழு" வரும். இப்போது பாட்டு வெறும் முணுமுணுப்பாகிவிட்டது.

ரோட்டைக் கடக்க மட்டும் பாட்டு வேண்டவே வேண்டாம் என்பேன். கண் பார்க்காவிட்டாலும் வாய் பாடிக்கொண்டே போய்விடும். பேப்பர் மில்ஸ் ரோட்டில் அது ஆபத்து. அங்கே அவள் பேசத்தான் வேண்டும்: "நில்லு. வலது பக்கம் பாரு. இடது பக்கம் பாரு. மறுபடியும் வலது. வண்டி வருதா?" பார்த்து அவளே பதில் சொன்ன பிறகுதான் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். எதிர்த்திசையிலும் பைக் வருகிற ஊர் இது, இடது பக்கத்தை விடவே கூடாது.

தாம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

சரியான வழியில்தான் போகிறீர்கள் அம்மா. 1971-இல் மைக்கன்பாம், குட்மன் என்ற உளவியலாளர்கள் நிதானமில்லாமல் அவசரப்படும் குழந்தைகளை இப்படித்தான் பழக்கினார்கள். முதலில் பெரியவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். பிறகு அவர் சொல்லச் சொல்லக் குழந்தை செய்யும். அப்புறம் தானே உரக்கச் சொல்லிச் செய்யும், அடுத்து கிசுகிசுப்பாக, கடைசியில் மனசுக்குள். தனக்குத்தானே பேசும் இந்தப் பேச்சுதான் உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"பக்கத்துல கடன் வாங்கு, மூணு பதிமூணாச்சு" என்று முணுமுணுத்துக் கழித்தல் போடும் பிள்ளையை "வாயை மூடு" என்று அடக்கினால் எனக்கு மனசு கேட்காது. கணக்கு கடினமானால் முணுமுணுப்பும் கூடத்தான் செய்யும். என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஜன்னலோர பெஞ்சில் உட்கார வைப்பேன். மற்றவர்களுக்கும் தொந்தரவில்லை, இவர்களுக்கும் கணக்கு பாதியில் அறுந்துபோகாது.