பிரிட்ஜ் சீட்டாட்ட ஏலத்தில், பார்ட்னரின் 1 நோ டிரம்புக்கு மேல் எதிராளி 2 ஹார்ட்ஸ் சொன்னால் உங்கள் டபுளுக்கு என்ன அர்த்தம்?

நண்பர்களே, ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். நானும் பார்ட்னரும் 15-17 பாயிண்ட் கைக்கு 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) சொல்கிறோம், எதிராளி குறுக்கே ஏலம் கேட்டால் லெபன்சோல் என்ற முறை. 2 நோ டிரம்ப் சொன்னால் ஓப்பனர் (1 நோ டிரம்ப் சொன்னவர்) 3 கிளப் சொல்லவேண்டும், நேராக 3ஆம் மட்டத்தில் புது சூட் கேம் ஃபோர்சிங், அதாவது கேம் வரை ஏலத்தை நிறுத்தக்கூடாது. இதுவரை எங்களுக்குள் தகராறு இல்லை.

சிக்கல் டபுளில்தான். பார்ட்னர் அது பெனால்டி, அதாவது எதிராளியைத் தோற்கடிக்கப் போடுவது என்கிறார். எனக்கு டேக்அவுட், அதாவது பார்ட்னரை வேறு சூட் சொல்லக் கேட்பதுதான் சரியாகப் படுகிறது. இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேட்ஸில் ராஜா, ராணியோடு நாலு சீட்டு, ஹார்ட்ஸில் இரண்டு சின்னது, டைமண்டில் ராஜாவோடு நாலு, கிளப்பில் மூன்று சின்னது. 8 பாயிண்ட். டபுள் பெனால்டி என்றால் பாஸ் தவிர வழியே இல்லை. இப்படிப்பட்ட கைதான் அடிக்கடி வருகிறது, ஹார்ட்ஸ் குவிந்த கை எப்போதாவதுதான்.

ஆனால் டேக்அவுட் டபுளை ஓப்பனர் எப்போது பாஸ் செய்யலாம்? நாலு ஹார்ட்ஸ் போதுமா? டீம் ஆட்டத்தில் 2 ஹார்ட்ஸ் டபுளில் ஜெயித்துவிட்டால் 470, வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என்றால் 670 பாயிண்ட் போய்விடும். அப்புறம், எனக்கே ஹார்ட்ஸ் குவிந்து நான் பாஸ் செய்தால், ஓப்பனர் இரண்டு ஹார்ட்ஸோடு கட்டாயம் டபுள் போடவேண்டுமா?

பல வருடம் ஜோடியாக ஆடியவர்கள் உங்கள் ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள். மேட்ச்பாயிண்டுக்கு (எத்தனை ஜோடிகளை மிஞ்சினோம் என்று மட்டும் எண்ணும் போட்டி) வேறு மாதிரி ஆடினால் அதையும் எழுதுங்கள்.