மெக்கானிக்கிற்கு எத்தனை இழுப்பறை வேண்டும்? அனுபவங்களைப் பகிருங்கள்

ரங்கூன் உறுப்பினர்:
எங்கள் பட்டறையில் பல இழுப்பறை கொண்ட சக்கர அலமாரி இருக்கிறது. உங்களில் பலரிடமும் அதே வகைதான் இருக்கும். வேலை குவிந்த ஒரு நாளில் துணைக்கு அழைத்த மூத்த மெக்கானிக் ஒருவர், மடிப்புத் தகரப் பெட்டி ஒன்றுடன் மட்டும் வந்து, டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியின் ஆல்டர்னேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் கருவி) மாற்றினார். எடுத்த கருவிகளை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் துடைத்து அதனதன் இடத்திலேயே திரும்ப வைத்தார். பானட்டை மூடப்போன என் கையைத் தடுத்து, துணியில் காலியாக இருந்த ஒரே இடத்தை விரலால் காட்டினார். போல்ட் தலையில் மாட்டித் திருகும் 10 எம்.எம். சாக்கெட்டைக் காணவில்லை. பெல்ட்டுக்குக் கீழே, அடிக்காப்புத் தட்டில் அது கிடந்தது. எங்கள் அலமாரியிலிருந்து அதே சாக்கெட் தொலைந்திருந்தால் மாலை வரை எவருக்கும் தெரிந்திருக்காது என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது. அத்தனை இழுப்பறை நமக்கு எதற்கு?

மோல்மேன் உறுப்பினர்:
ரங்கூன் அன்பர் கார் வேலையை மட்டும் வைத்துப் பேசுகிறார். லாரி, பஸ் வேலைக்குரிய முக்கால் அங்குல ராட்செட் கைப்பிடியும் அதற்கான சாக்கெட்டுகளும் அந்தத் தகரப் பெட்டியில் அடங்கமாட்டா; அடங்கினாலும் தூக்க முடியாது. எங்கள் ஊரில் இடத்தைவிட ஈரமே பெரிய தொல்லை. ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில், கம்பளித் துணி விரித்த இழுப்பறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஒரு மழைக்காலம் முடிந்து கீழ்த்தட்டைத் திறந்தபோது, சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகள் அனைத்தும் துருவேறி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. ஒரு தகட்டை நெம்பியதும் அது ஒடிந்து கையோடு வந்தது.

பெகு உறுப்பினர்:
மேல் இழுப்பறைகள் இரண்டை ஒருசேர இழுத்ததும் அலமாரி முன்புறம் சாய்ந்து, எங்கள் பட்டறைப் பையன் துள்ளி விலகியதைக் கண்ணால் கண்டவன் நான். ஆகவே இருவருக்கும் சொல்கிறேன்: கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டும் திறக்கும் பூட்டமைப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 1970-இலேயே சாலையின் வலப்பக்கத்திற்கு மாறிவிட்ட நம் பர்மாவில் இன்னமும் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட பழைய ஜப்பானிய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் போல்ட்டுகளில் பெரும்பாலானவை 10, 12, 14, 17 எம்.எம். அளவுகளில் அடங்கிவிடும். இவை கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். ஐரோப்பிய வண்டிகளுக்குரிய 13, 16, 18 அளவுகளைத் தனித் தட்டில் வையுங்கள். ஜப்பானியத் திருகுகளுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) முனைத் திருப்புளியே பொருந்தும். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும் என்பதால் இரண்டையும் கலந்து போடாதீர்கள். இறுக்கும் விசையை அளந்து திருகும் டார்க் ரென்ச்சை உள்ளே வைக்குமுன் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கிவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே கிடந்தால் அதன் சுருள்வில் தளர்ந்து கணக்குத் தவறும்.

ரங்கூன் உறுப்பினர்:
பெகு அன்பரே, நான் கேட்டது இழுப்பறைகளின் எண்ணிக்கையைப் பற்றியது, வைக்கும் முறையைப் பற்றியதன்று. ஆயினும் டார்க் ரென்ச் குறித்து எழுதியதற்கு நன்றி. மோல்மேன் அன்பர் சொன்ன லாரிக் கருவிகளை நான் மறுக்கவில்லை. எங்கள் அலமாரியைக் கொட்டிப் பார்த்ததில், அன்றாடம் கையில் எடுப்பவை மூன்று தட்டுகளுக்குள் அடங்கிவிட்டன. மற்றவற்றை நிரப்பியிருந்தவை பழைய பெல்ட்டுகளும், கழற்றிய பேரிங்குகளும், எந்த வண்டியுடையது என்றே தெரியாத போல்ட்டுகளுமே. அந்த மூன்று தட்டுகளுக்கும், ஒவ்வொரு கருவிக்கும் உரிய வடிவில் குழி வெட்டிய நுரைத்தகடு போட எண்ணியிருக்கிறேன். ஏற்கெனவே போட்டவர்கள், ஆயிலும் மழை ஈரமும் பட்டு அது உப்பிப்போகிறதா என்று எழுதுங்கள்.